முன்னால் போகிறவள்

பாறையைப் பார்க்காதே, பாறையைப் பார்க்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே செண்பகவல்லி பாறையைத்தான் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சைக்கிளின் முன்சக்கரம் கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி அதை நோக்கியே போனது. கடைசி நேரத்தில் எப்படியோ ஒடித்துத் திருப்பினாள். பெடல் பாறையில் உரசி ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான், விழவில்லை. ஏன் அங்கே போனது என்றும் தெரியவில்லை, ஏன் விழவில்லை என்றும் தெரியவில்லை. கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும், கை போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும், அதனால போக வேண்டிய இடத்தை மட்டும் பாருங்க அண்ணி என்று பூங்கோதை முதல் தடவை கூட்டிவந்தபோதே சொல்லியிருந்தாள். சொல்லிவிடலாம். பயப்படுகிற பொருளைப் பார்க்காமல் இருப்பது எப்படி? பார்த்தால்தானே அது அங்கேயே இருக்கிறதா, நகர்ந்து வருகிறதா என்று தெரியும். பாறை நகராது என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். ஆனால் இந்த ஊர்ப் பாறைகளைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் ஒரு நினைப்பு இருந்தது. காலை வெயில் ஏற ஏற அவை நிறம் மாறின. முதலில் வந்தபோது செங்கல் மாதிரி இருந்தவை இப்போது உள்ளேயிருந்து அடுப்பு மூட்டியது மாதிரி கனன்றன. எல்லாம் இரும்புதான். துரு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவள் தினமும் எண்ணிப் போடுகிற இரும்புச்சத்து மாத்திரையை உடைத்தால் உள்ளே இதே நிறம் இருக்கும். ரத்தத்தில் இருப்பதும் அதே இரும்புதான். அப்படியென்றால் இந்த மலை முழுக்க ஒரு பெரிய சோகைக்கு மருந்து என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் பிடி தளர்ந்தது, பிடி தளர்ந்ததில் வளைவு ஒன்று தானாகவே முடிந்திருந்தது. இது எப்படி? நினைத்துச் செய்தால் வராதது நினைக்காதபோது வருகிறதே, அப்படியென்றால் நினைப்பது எதற்கு?

பின்னால் பூங்கோதையின் சக்கரம் மணலில் அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுதான் விசித்திரம். எப்போதும் அந்தச் சத்தம் முன்னால்தான் கேட்கும். பூங்கோதை முன்னால் போவாள், வளைவுக்கு வளைவு அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் புதருக்குப் பின்னால் மறைந்து மறைந்து தோன்றும், செண்பகவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவாள். இன்றைக்கு சைக்கிள்களைக் காரிலிருந்து இறக்கி வைத்ததும், “அண்ணி, இன்னைக்கு நீங்க முன்னால போங்க” என்றுவிட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மாத்தான், ஒரு மாத்தம் வேண்டாமா?” அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணி. ஓட்டி முடிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றும் சொன்னாள். “இப்பவே சொல்லேன்” என்றதற்கு இல்லை என்று தலையை ஆட்டினாள். இப்படிச் சொல்லிவிட்டு ஒருத்தியை முன்னால் அனுப்பினால் அவள் பாறையைப் பார்ப்பாளா, பாதையைப் பார்ப்பாளா? செண்பகவல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே இது ஒரு நோய். மூடின டப்பாவைக் கண்டால் குலுக்கிப் பார்க்க வேண்டும். இப்போது வழி முழுக்க அந்த ஒண்ணைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். உள்ளே என்ன உருளுகிறது? கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா?

பூங்கோதை அவளுடைய நாத்தனார். நாத்தனாராக இருந்தவள் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. பூங்கோதையின் அண்ணன் மதிவாணனும் செண்பகவல்லியும் விவாகரத்து வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை, கோவில்பட்டியிலிருந்து பேசின சொந்தக்காரர்கள் எல்லோரும் காரணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். காரணம் என்று எடுத்து நீட்டும்படி ஒன்றும் இல்லை. பேச்சு வற்றிப்போயிற்று. மதிவாணன் நியூஜெர்ஸிக்குப் போனான், அவள் ஃபீனிக்ஸில் இருந்துகொண்டாள். கோர்ட்டில் முடிந்த அன்று சாயந்தரம் போன் அடித்தது, பூங்கோதை. “அண்ணி, சாப்பிட்டீங்களா?” அவ்வளவுதான் கேட்டாள். மறுவாரமும் கேட்டாள். அப்புறம் யூட்டா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கிற தன் ஊருக்கு வரச் சொன்னாள், வந்த இடத்தில் ஒரு சைக்கிளைக் கொடுத்து ஏறச் சொன்னாள். அன்றிலிருந்து நீண்ட வார விடுமுறை வந்தால் செண்பகவல்லி காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுகிறாள். ஆனால் அந்த அண்ணி என்ற வார்த்தை எதன் மேல் நிற்கிறது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அடித்தளத்தை எடுத்துவிட்ட பிறகும் மேல்மாடி அப்படியே நிற்கிறது. இதோ இந்தப் பாதை ஓரத்தில் மண்ணுக்கு மேல் கறுப்பாக, பொருக்கு பொருக்காக ஒன்று படர்ந்திருக்கிறது. பார்த்தால் காய்ந்துபோன சேறு. ஆனால் உயிருள்ளது, கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன, ஒரு கால் பட்டால் போதும், திரும்ப வளர ஒரு தலைமுறை ஆகும், அதனால் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அண்ணி என்பதும் அப்படித்தானோ? அதைத் தொட்டுக் கேட்டுவிடக்கூடாது. நான் உனக்கு யார் என்று கேட்ட அன்றைக்கு உதிர்ந்துவிடும். அதனால் அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு கேள்வி கேட்கிறவள் அந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

வளைவு. இடது பக்கம் ஜூனிப்பர் மரம், முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி அதன் அடிமரம். வலது பக்கம் சரிவு. நடுவில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் இடம். செண்பகவல்லி பெடலில் எழுந்து நின்றாள், பின்பிரேக்கை ஒரு விரலால் தொட்டாள், வளைவின் முடிவைப் பார்த்தாள், முடிவைத்தான் பார்க்க வேண்டும், சரிவில் இருக்கிற சப்பாத்திக் கள்ளியை அல்ல, கள்ளியை அல்ல. தாண்டிவிட்டாள். மதிவாணனுக்குக் கல்யாணமாக இருக்கும். அதுதான் அந்த ஒண்ணு. வேறு என்ன இருக்க முடியும்? காலையில் காப்பி ஊற்றும்போது பூங்கோதையின் கை சரியில்லை, டம்ளருக்குப் பக்கத்தில் மேஜையில் ஊற்றினாள், அப்புறம் தூக்கம் தெளியவில்லை, நீங்களே ஓட்டுங்க அண்ணி என்று கார்ச்சாவியை நீட்டினாள். மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு தவிக்கிறவள் செய்வதெல்லாம் அப்படித்தான் இருக்கும். சரி, கல்யாணம் என்றே வைத்துக்கொள்வோம். செண்பகவல்லி அந்த நினைப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்காவது குத்துகிறதா? குத்தவில்லை. அழுகை வருகிறதா? அதுவும் இல்லை. பதிலாக, அந்தப் பெண் யார், மதிவாணன் தண்ணீரை எப்போதும் அரை டம்ளர் மிச்சம் வைத்துவிட்டுப் போவானே, அதை அவள் என்ன செய்வாள், கொட்டுவாளா, செடிக்கு ஊற்றுவாளா, கேட்பாளா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்டால் அவனே என்ன பதில் சொல்வான்? அவள் கேட்டதே இல்லையே. கூட இருந்த காலம் முழுக்க அந்த அரை டம்ளரைக் கொட்டினாளே ஒழியக் கேட்கவில்லை. குத்தியது அதற்குப் பின்னால் இருந்தது. புது அண்ணி ஒருத்தி வந்துவிட்டால் பூங்கோதை தன்னை எப்படிக் கூப்பிடுவாள்? ரெண்டு அண்ணி இருக்க முடியுமா? அண்ணன் ஒருவன்தானே. செண்பகம் என்பாளா, செண்பகம் அக்கா என்பாளா? அக்கா நல்ல வார்த்தைதான். கடைக்காரரும் கூப்பிடுகிற வார்த்தை. இங்கே வந்து அவள் மனம் ஒரு கல்லில் சக்கரம் முட்டின மாதிரி நின்றது. பின்னால் இழுத்துத் திரும்ப ஏற்றினாள். திரும்ப அதே கல்.

மணல் முடிந்து பாறைத்தளம் வந்தது. பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை, வழவழப்பான சிவப்புப் பாறை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, இங்கங்கே வெள்ளைப் பெயின்ட் கோடு. இதற்கு வழுக்குப் பாறை என்று பெயர். ஆனால் வழுக்காது, ரப்பர் சக்கரம் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். லாடம் அடித்த குதிரைகளில் வந்தவர்கள் வைத்த பெயராம், இரும்புக்கு வழுக்கியது. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. குதிரையும் இல்லை, லாடமும் இல்லை, வழுக்கவும் இல்லை, ஆனால் பெயர் இருக்கிறது. பார், இங்கேயும் அதே கதைதான் என்று நினைத்தாள். எங்கே சுற்றினாலும் இந்தப் பாதை அங்கேயே கொண்டுவந்து விடுகிறது. அத்தைக்கு, அதாவது பூங்கோதையின் அம்மாவுக்கு, ஏதாவது உடம்பு முடியவில்லையோ? அப்படியென்றால் சைக்கிள் ஓட்டி முடிக்கிறவரை காத்திருக்க மாட்டாளே. வேலை போயிற்றோ? ஊருக்கே திரும்பிப் போகிறாளோ? போனால் இந்தப் பாதை என்ன ஆகும், யார் கூட்டிவருவார்கள்? தனியாக வருவேனா நான்? வருவேன் என்று ஒரு குரலும் பொய் சொல்லாதே என்று ஒரு குரலும் ஒரே நேரத்தில் சொல்லின.

பாறைத்தளம் முடியும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. முழங்கால் உயரம், கீழே சரிவு, அப்புறம் பாதை. பூங்கோதை அதற்கு முட்டிப்படி என்று பெயர் வைத்திருந்தாள், விழுந்தால் முட்டிதான் பேரும் என்பதால். செண்பகவல்லி அதில் ஒருநாளும் ஓட்டி இறங்கியதில்லை. அங்கே மட்டும் பூங்கோதை கொஞ்சம் பின்னாலேயே நின்று அவளை முதலில் விடுவாள், அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கீழே நின்று திரும்பிப் பார்ப்பாள். இந்த இடம்தான் அவளுக்கு இந்தப் பாதையிலேயே பிடித்த இடம். மேலே மஞ்சள் ஹெல்மெட் தெரியும், பூங்கோதை வேகம் குறைக்காமல் வருவாள், இடுப்பைப் பின்னால் தள்ளி, ஒரு கணம் சக்கரம் ரெண்டும் எதிலும் படாமல் இருக்கும், நாற்பதைத் தாண்டின ஒரு மனுஷி ஆகாயத்தில் இருப்பாள், அப்புறம் தொப்பென்று மண். இன்றைக்கும் இறங்கி நின்று திரும்பினாள். பூங்கோதை வந்தாள். படியின் விளிம்பில் நின்றுவிட்டாள். இறங்கினாள். சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருட்டில் மாடிப்படி இறங்குகிற மாதிரி வலது காலை நீட்டித் தரை எங்கே இருக்கிறது என்று தேடி, வைத்து, அப்புறம் அடுத்த கால்.

“என்ன கோதை, இறங்கிட்ட?”

“சும்மாத்தான் அண்ணி. போங்க, போங்க.”

போனாள். ஆனால் இப்போது குலுக்கின டப்பாவுக்குள் உருளுகிற சத்தம் மாறிவிட்டது. மதிவாணனின் கல்யாணத்துக்கும் முட்டிப்படிக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணச் செய்தியை மனசில் வைத்திருக்கிறவள் காப்பியைக் கொட்டலாம், காரை ஓட்டாமல் இருக்கலாம், படியில் காலை நீட்டித் தேட மாட்டாள். அந்தக் கால் தேடின விதம் செண்பகவல்லியை விடவில்லை. உடம்பு. ஏதோ உடம்பு. தலைசுற்றலா? எலும்பா? மருந்தகத்தில் பெயர் தெரிந்த நோய்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன, ஒவ்வொன்றும் தன் மாத்திரைச் சீட்டை நீட்டியது. வேண்டாம், பாறையைப் பார்க்காதே. பாறையைப் பார்க்காதே என்றால் பாறை. அவள் காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினாள். பூங்கோதையின் சக்கரச் சத்தம் நெருங்கியே வந்தது, வழக்கத்தைவிட நெருக்கமாக, தன் சக்கரத்தின் எதிரொலியோ என்று தோன்றும் அளவுக்கு. இவள் ஒடித்தால் அதுவும் ஒடித்தது, இவள் மெதுவானால் அதுவும். அப்புறம் ஒரு வளைவில் செண்பகவல்லி கொஞ்சம் வேகமாகப் போய்விட்டாள். சத்தம் விலகியது. ஒரு கல் உரசல், ஒரு ‘ஐயோ’, உலர்ந்த புதர் முறிகிற ஓசை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். பூங்கோதை பாதையின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் சிராய்ப்பு, இடது உள்ளங்கை முழுக்கக் கள்ளி முள். சிரித்தாள். “ஒண்ணுமில்ல அண்ணி, ஒரு கல்லு.” கல் சின்னது இல்லை. குழந்தைகூடச் சுற்றிக்கொண்டு போகிற அளவுக்கு நட்டநடுவில் தெரிந்தது. செண்பகவல்லி முதுகுப்பையைத் திறந்து, மருந்துப்பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தாள். “குடுங்க, நானே எடுத்துக்கிடுதேன்” என்று பூங்கோதை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்தாள். இடுக்கி முள்ளை நோக்கிப் போனது. முள்ளுக்கு இந்தப் பக்கமே, வெறும் காற்றில், மூடிக்கொண்டது. திரும்ப ஒருமுறை. இந்தத் தடவை முள்ளைத் தாண்டிப் போய்த் தோலைக் கிள்ளியது. மூன்றாவது தடவை போவதற்குள் செண்பகவல்லி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கையை விடாமல் இடுக்கியை வாங்கினாள். ஒரு முள்ளை எடுத்தாள். இன்னொன்று. வெயில் பாறையில் பட்டு ரெண்டு பேர் முகத்திலும் சிவப்பாக அடித்தது.

“எந்தக் கண்ணு?” என்று கேட்டாள்.

பூங்கோதை “இடது” என்றாள். “நடுவுல ஒரு கறை. தண்ணிக்குள்ள இருந்து பாக்குற மாதிரி. எது கிட்ட, எது தூரம்னு பிடிபட மாட்டேங்கு. ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சுக்கிட்டு உள்ள கசிஞ்சிருக்காம்.”

“எப்ப இருந்து?”

“போன மாசம். ஒருநாள் எந்திரிச்சு பாத்தா கதவுநிலை வளைஞ்சிருக்கு. கதவுலதான் கோளாறுன்னு நெனச்சேன்.”

“ஊசி போட்டாங்களா?”

“ஒண்ணு போட்டிருக்கு. கண்ணுக்குள்ளயே. இன்னும் போடணும். சிலருக்குத் திரும்பிரும், சிலருக்குத் திரும்பாதுன்னாரு டாக்டர்.”

அந்த மருந்து செண்பகவல்லிக்குத் தெரியும். சுண்டுவிரல் நகம் அளவு குப்பி, குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கும், வாரம் தவறாமல் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அது எங்கே போகிறது என்று அவள் கை ஒருநாளும் யோசித்ததில்லை. யாரோ ஒருத்தியின் கதவுநிலை வளைகிறது, யாரோ ஒருத்தி காப்பியை மேஜையில் ஊற்றுகிறாள், அங்கே போகிறது. பயம் வந்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே கேள்விகள் வந்து இடம் பிடித்துவிட்டன. “கோடெல்லாம் எந்தப் பக்கமா வளையுது? உள்ளயா வெளியயா? நிறம் மங்குதா? வலது கண்ணை மூடினா என் முகத்துல எது தெரியலை?”

பூங்கோதை வலது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தாள். “மூக்கு இல்ல. மத்தபடி இருக்கீங்க.” சிரித்தாள், சிரிப்பு நடுவில் உடைந்தது. செண்பகவல்லி அடுத்த முள்ளை எடுப்பதற்காகக் குனிந்துகொண்டாள்.

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும்தான். உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்.”

“ஏன் எங்கிட்ட?” கேட்டுவிட்டாள். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் கால் படாமல் சுற்றிப் போனதன் மேல் இப்போது முழுக்காலையும் வைத்துவிட்டாள். முள்ளைப் பிடித்திருந்த இடுக்கி அந்தரத்தில் நின்றது.

பூங்கோதை யோசிக்கக்கூட இல்லை. “மத்தவங்கல்லாம் அழுவாங்க அண்ணி. நான் அவங்களத் தேத்தணும். நீங்கதான் எந்தப் பக்கமா வளையுதுன்னு கேப்பீங்க.” பிறகு, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, “அதுவும் போக, முன்னால போறதுக்கு உங்கள மாதிரி ஆள் கிடைக்காது. பயந்து பயந்து ஓட்டுதீங்கள்ல, ஒரு கல்லு விடாம சுத்திப் போவீங்க. உங்க சக்கரத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். அது போன தடத்துலயே விட்டேன். கடைசி வளைவுல நீங்க என்னவோ ரேஸ் மாதிரி போயிட்டீங்க.”

“வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகலட்டி உனக்கு” என்றாள் செண்பகவல்லி. கண் எரிந்தது. அழுதால் தேற்ற வேண்டியிருக்கும் என்று பூங்கோதை இப்போதுதான் சொன்னாள், அதனால் அழவில்லை. கடைசி முள்ளை எடுத்து, தண்ணீர் விட்டுக் கையைக் கழுவி, கட்டுப் போட்டாள். “நடந்தே போயிருவோமா?”

“நடந்தா மத்தியானம் ஆயிரும். மெதுவா ஓட்டுவோம். நீங்க போங்க.”

ஏறினாள். இத்தனை நேரம் போனதும் இதே பாதைதான், இதே சக்கரம்தான், ஆனால் இப்போது முதுகுக்கு ஒரு கனம் வந்திருந்தது. முதுகில் ஒரு கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் நடத்திக்கொண்டு வந்தபோது ஒழுங்காக வந்தது, இனி தெரிந்து நடத்த வேண்டும், நினைத்துச் செய்தால் வருமா? முதல் வளைவில் முன்சக்கரம் தடுமாறியது. பின்னால் அதுவும் தடுமாறுகிற சத்தம். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். “இடது பக்கம் கல்லு. பெருசு. நான் வலது ஓரமா போறேன்.” தன் குரல் அந்த வெட்டவெளியில் விசித்திரமாகக் கேட்டது, சைக்கிளில் ஏறிவிட்டால் அவள் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. “மணல் வருது. கொஞ்ச தூரம். பிரேக் போடாத. இப்ப கெட்டித்தரை. வேர் ஒண்ணு குறுக்க, லேசா எந்திரி. இப்ப உக்காரு. இறக்கம். வளைவு, வலது, நல்லா ஒடிக்கணும்.” சொல்லச் சொல்ல ஒன்று நடந்தது. கல்லைப் பார்த்தாள், சொன்னாள், சொன்னதும் அது அங்கேயே நின்றுகொண்டது, சக்கரம் அதனிடம் போகவில்லை. வாய்க்கு வந்த கல் கைக்கு வருவதில்லையோ? ஏன் அப்படி? இதை அப்புறம் யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது. “மேடு. மிதி, மிதி. நிறுத்தாத. மேல வந்தாச்சு. மரம், தலையைக் குனிஞ்சுக்கோ. வலப்பக்கம் பாறை மேல ஒரு ஓணான். நீல ஓணான்.”

“ஓணான்லாம் வேண்டாம் அண்ணி” என்று பின்னாலிருந்து குரல் வந்தது, மூச்சிரைப்புக்கு நடுவே. “கல்லை மட்டும் சொல்லுங்க.”

“சரி. கல்லு, நடுவுல. இடதா போறேன். இன்னொண்ணு, சின்னது, ஏத்திரலாம்.”

கொஞ்ச தூரம் சக்கரங்களின் சத்தம் மட்டும். ரெண்டும் ஒன்றாக.

“நீலமா?” என்றாள் பூங்கோதை.

“நீலம்தான். பச்சை கலந்த நீலம்” என்றாள் செண்பகவல்லி, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல். “தலை மட்டும் மஞ்சள். கழுத்தைச் சுத்தி கறுப்பா ரெண்டு பட்டை. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நம்மளையே பாத்துச்சு. வளைவு வருது, இடது.”